கடலோரம் நான்கு நாள் நடக்க வேண்டுமானால்...



"நடந்தா? அதுவும் நான்கு நாளா? ராத்திரி எங்கே தங்குவாய்? தண்ணீருக்கு என்ன செய்வாய்? வழியில் ஆறு குறுக்கிட்டால்?"

மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கடலோரமாக நடந்து போக ஆசை என்று நான் வாயைத் திறந்ததும் என் அம்மா கேட்ட கேள்விகள் இவை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தபோது, அவை தடைகள் அல்ல, ஒரு பயணத்திட்டத்தின் தலைப்புகளே என்று புரிந்தது. அவற்றிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கால்நடைப் பயணம் நமக்குப் புதிதன்று. ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகையே உண்டு. 'ஆறு' என்றால் வழி. பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அது அமையும். பெரும்பாணாற்றுப்படை சொல்லும் வழி நம் காஞ்சியில் வந்து முடிகிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். நாம் நடக்கப்போகும் கடற்கரையின் ஒரு பகுதிதான் அந்த இடைக்கழிநாடு. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர்.

எப்போது போவது?

ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருக்கும். ஏப்ரலுக்குப் பின் வெயில் தாங்காது. தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், தெற்கு நோக்கி நடப்பவருக்கு அது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். ஆகவே மாமல்லபுரத்தில் தொடங்கி மரக்காணத்தில் முடிப்பதே நல்லது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மொத்தத் தொலைவு ஏறத்தாழ 65 கி.மீ. நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினாறு கி.மீ. "இவ்வளவுதானா!" என்று நானும் எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகங்களைப் பையில் அடைத்துக்கொண்டு ஓரிக்கை அருகே பாலாற்று மணலில் ஒத்திகை பார்த்தோம். அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் கெஞ்சியது. புதுச் செருப்பு குதிகாலில் கொப்புளம் போட்டது. காய்ந்த மணலில் கால் புதையும். அலை வந்து நனைத்துப் போன ஈர மணலோ கெட்டியாக இருக்கும். எனவே கடல் வற்றும் நேரத்தில் நீரோரமாக நடக்க வேண்டும். ஏற்றமும் வற்றமும் ஒரு நாளில் இருமுறை வரும். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். காலை ஆறு முதல் பத்து வரையிலும், மாலை நான்கு முதல் ஆறு வரையிலும் நடந்து, நடுப்பகலில் நிழலில் தங்குவது முறை.

எந்த வழி?

முதல் நாள்: மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம். இடையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் கடற்கரை வழியாகத் தொடர முடியாது. முன்னதாகவே சாலைக்கு வந்துவிட வேண்டும். பல இடங்களில் கடற்கரைக்கும் சாலைக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. பாலம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளாதவர் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் சிக்கிக்கொள்வர். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும், எழுத்தும் சிற்பமும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளும் உள்ளன. இத்துறையிலிருந்து அவர்கள் ஏற்றிச் சென்ற சரக்கு மெல்லிய பருத்தித் துணி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அங்கே சற்று நின்று பார்க்கத் தோன்றும்.

இரண்டாம் நாள்: வயலூர் வழியாகக் கூவத்தூர். இங்கேதான் நம் பாலாறு கடலில் கலக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஆறுதானே என்று ஏமாறக் கூடாது. 2021 நவம்பரில் அது பெருவெள்ளமாக ஓடியதை நாம் மறக்கவில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு மூடியிருந்தாலும், அது எப்போது உடையும், அடியில் எங்கே பள்ளம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும். எனவே எந்த முகத்துவாரத்தையும் இறங்கிக் கடப்பதில்லை. எவ்வளவு சுற்றானாலும் பாலத்தின் வழியே செல்வது. எங்கள் திட்டத்தின் முதல் விதி இது.

மூன்றாம் நாள்: கடப்பாக்கம். அருகே ஆலம்பரைக் கோட்டை, உப்பங்கழியின் ஓரத்தில் இடிந்து நிற்கிறது. 1750-இல் டூப்ளேயின் கைக்கு வந்த இக்கோட்டையை, 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர்.

நான்காம் நாள்: உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் மரக்காணம். அங்கிருந்து பேருந்தில் திண்டிவனம் வந்து ஊர் திரும்பலாம்.

என்ன எடுத்துச் செல்வது?

சுமை நம் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏழு கிலோ. கரையோரக் கிணறுகள் பல உப்பாக இருப்பதால் மூன்று லிட்டர் குடிநீர் எப்போதும் கையில் வேண்டும். அதிலேயே மூன்று கிலோ போய்விட்டது! மிச்சம் நான்கு கிலோவுக்குள் மாற்றுடை இரண்டு, போர்வை, தொப்பி, டார்ச் விளக்கு, மருந்துப் பெட்டி, உப்பும் சர்க்கரையும், ஊதல், வரைபடம் எல்லாம் அடங்க வேண்டும். உணவுக்கு அவல், வெல்லம், வறுத்த கடலை. முதல் நாளுக்கு மிளகும் சுக்கும் சேர்ந்த நம் ஊர்க் குடலை இட்லியைவிடச் சிறந்தது எது? பழகிய செருப்பே போதும், புதியது வேண்டாம்.

இரவில் எங்கே?

மணலில் படுப்பதில்லை. நான்கு ஊர்களிலும் தங்குமிடத்தை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்தபின்தான் புறப்பாடு. ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வரும். விளக்கொளி அவற்றைக் கலங்கச் செய்யும். ஆதலால் இருட்டியபின் கடற்கரை அவற்றுக்கே உரியது.

ஆபத்து வந்தால்?

குளிப்பதற்குக் கடலில் இறங்குவதில்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 கற்பித்த பாடம் அது. ஒவ்வொரு காலையும் அவ்வூர் மீனவரிடம், "அண்ணா, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டு நடப்பது நல்லது. அவர்கள் படகு இறக்காத நாளில் நாமும் சாலையிலேயே நடப்போம். அவசரத்துக்கு 112, கடலோரக் காவலுக்கு 1093 என்ற எண்களை மனத்தில் பதிக்க வேண்டும். பெரியவர் இருவர் உடன் வர வேண்டும். ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, வரைபடத்தோடு அம்மாவிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். "எந்த இடத்தில் திரும்பி வருவாய் என்று எழுதவில்லையே?" என்றார். உண்மைதான்! எந்த ஊரில் பேருந்து ஏறிப் பாதியில் திரும்பலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அன்றிரவே நான்கு நாளுக்கும் நான்கு பேருந்து நிறுத்தங்களைக் குறித்தேன்.

நோட்டைத் திருப்பித் தரும்போது அம்மா சொன்னார்: "பெரியவர் இருவர் வேண்டும் என்றாயே, ஒருத்தி நான்."

தோழியரே, உங்கள் ஆசைக்கும் வீட்டில் கேள்வி எழுந்தால் முகம் சுளிக்காதீர்கள். தாளும் பேனாவும் எடுத்து விடை எழுதத் தொடங்குங்கள்.