பொன்பூ பூத்த கத்தி

தூத்துக்குடியில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் பாட்டனாரின் பழைய சவரக்கத்தியை ஒருநாள் கொண்டுவந்தார். மடக்குக் கத்தி; எஃகு அலகின் ஒரு பக்கத்தில் தங்கத்தாலான பூங்கொடி மின்னியது. மறுபக்கம் வெறும் எஃகு. துருவைப் போக்க அவர் அப்பக்கத்தைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்திருக்கிறார். துருவுடன் பூவும் போய்விட்டது! "தங்கத்தைப் புளி கரைக்காதே, ஐயா?" என்றார். நல்ல கேள்விதான். விடை காண்போமா?

தங்க ரேக்கின் தடிமன் சுமார் 0.1 மைக்ரான். 10,000 ரேக்குகளை அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் உயரம் வரும். கத்தியின் மீதுள்ள முலாமும் இதுபோல் மிக மெல்லியதே. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் தங்கத்தின் எண் ஏறத்தாழ 2.5, செங்கற்பொடியிலுள்ள குவார்ட்சின் எண் 7. பொடி தங்கத்தைச் சுரண்டிவிடும். பற்பொடியும் இவ்வாறே கெடுதி செய்யும்.

புளியிலுள்ள அமிலம் தங்கத்தைத் தொடாது என்பது உண்மையே. ஆனால் தங்கத்திற்கு அடியிலுள்ள இரும்பை அது அரிக்கும். அடிமணல் கரைந்தால் சுவர் நிற்குமா?

கடற்கரையில் இன்னொரு பகையும் உண்டு. முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். உப்புக் காற்றின் ஈரம் அங்கே தங்கினால், தங்கமும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகின்றன. இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து விரைவாகத் துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் முலாமை மேலே தூக்கி உரிக்கிறது.

பின் என்ன செய்வது? பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் விளிம்பு கூர்மையானது. வாலை வடிநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், தேய்க்காமல் மெல்ல ஒற்றுங்கள். உப்பு நீங்கும். உடனே உலர்த்தித் தையல் இயந்திர எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவுங்கள். ஈரம் இரும்பை அடையாது. பூவுக்கு அடியில் உள்ள துருவை விட்டுவிடுங்கள். அதை எடுத்தால் பூவும் உடன் வந்துவிடும். அந்த வேலை வல்லுநருக்கு உரியது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இதற்கென ஓர் ஆய்வுக்கூடமே உண்டு.

வீட்டில் முத்துப் பதித்த நகை இருந்தால் அதற்கும் புளி வேண்டாம். முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பொனேட். அமிலம் அதை நேரடியாகவே அரிக்கும்.

மாணவரின் கத்தியில் எஞ்சிய பூவை இவ்வாறே ஒற்றி எடுத்தோம். அது இன்றும் இருக்கிறது. மறுபக்கத்துப் பூவை எந்த வேதியியலும் திருப்பித் தராது. பழம்பொருளைத் தொடுமுன் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: நீங்கள் நீக்குவது அழுக்கையா, அழகையா?