ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடலாமா?

தூக்கமில்லை, தொழுகையில் மனம் நிற்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஓதிப் பார்க்க வருபவர்கள் பலர். ஓதுகிறோம், அது சுன்னத். ஆனால் 'ஈமான் பலவீனம்' என்று சொல்லி அனுப்புவது அநீதி. மகனைப் பிரிந்த துக்கத்தில் நபி யஃகூப் (அலை) அவர்கள் பார்வையையே இழந்தார்கள். அவர்களின் ஈமானில் என்ன குறை?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு சிகிச்சை உண்டு. அது அறிவுரை அல்ல. 'எல்லாம் என்னால்தான் கெட்டது' என்று சுழலும் எண்ணம் உண்மைதானா என்று அவரையே சோதிக்கப் பழக்குவார்கள். விட்டுப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வைப்பார்கள். கவலையை எதிர்க்கும் எண்ணங்களை நலமாக இருக்கும்போதே சேர்த்து வைக்கும்படி அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934) அன்றே எழுதினார்.

இங்கிலாந்து அரசு 2008ல் இச்சிகிச்சையை இலவசமாகப் பரவலாக்கத் தொடங்கியது. 2006ல் முன்னோட்டம் நடந்த இரு இடங்களில் ஒன்று லண்டனின் நியூஹாம். தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் அங்கேதான். டாக்டர் கடிதம் இல்லாமலும் நேராக வரலாம் என்றார்கள். அப்படி வந்தவர்களில் சிறுபான்மை இனத்தவர் கூடுதலாக இருந்தனர். நீண்ட நாளாக நோயோடு இருந்தவர்களும் வந்தனர். வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், யாருடைய சீட்டும் வேண்டாம். ஓதிப் பார்க்க வருபவர்களிடம் இப்போது அந்த எண்ணையும் எழுதிக் கொடுக்கிறோம்.