உயிரணுவினுள் ஒரு பணிமனை: அதை எழுப்பும் புரதங்கள்

ஆமணக்கு விதையை ஊன்றிய சில நாட்களில் மண்ணைப் பிளந்துகொண்டு முளை வெளிவருகிறது. அப்போது அதற்குப் பசிய இலைகள் இல்லை. எனவே கதிரொளியைக் கொண்டு உணவு தயாரிக்க இயலாது. விதையில் சேமித்து வைக்கப்பட்டுள்ள எண்ணெயே அதன் முதன்மையான மூலதனம். ஆனால் வளரும் முளைக்கு வேண்டுவதோ சர்க்கரை. எண்ணெயைச் சர்க்கரையாக மாற்றும் பணியின் முக்கியக் கட்டங்கள் விதையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய பைகளில் நடைபெறுகின்றன. பிரெய்டன்பாக், பீவர்ஸ் என்னும் அறிவியலார் 1967-ஆம் ஆண்டில் ஆமணக்கு விதையிலேயே இவற்றைக் கண்டறிந்து, கிளையாக்சிசோம் எனப் பெயரிட்டனர். உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளையும் நம் நாட்டில், ஒவ்வொரு விதைப்பும் இந்தப் பைகளின் உழைப்பை நம்பியே தொடங்குகிறது.

இவை பெராக்சிசோம் எனப்படும் நுண்ணுறுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1954-இல் எலியின் சிறுநீரக உயிரணுக்களில் இவை முதன்முதலாகக் காணப்பட்டன. 1960-களின் நடுவில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவ் இவற்றின் வேதிப் பணியை விளக்கி இப்பெயரைச் சூட்டினார். மனித உடலில் மிக நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைப்பதும், நரம்புகளின் உறைக்குத் தேவையான சில கொழுப்புப் பொருள்களை ஆக்கத் தொடங்குவதும் இவற்றின் கடமைகள். இப்பணியின்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. அதைப் பைக்குள்ளேயே அழிக்கும் நொதியும் உடன் இருக்கிறது.

சொந்த மரபுப்பொருள் இல்லாத உறுப்பு

மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தமக்கெனச் சிறிதளவு டி.என்.ஏ. வைத்துள்ளன. பெராக்சிசோமிடம் அதுவும் இல்லை. அதற்கு வேண்டிய புரதம் ஒவ்வொன்றும் உட்கருவில் உள்ள மரபணுவின் ஆணைப்படி வெளியே ஆக்கப்பட்டு, பின்னர் உள்ளே கொண்டுவரப்பட வேண்டும். அவ்வாறாயின் இப்பையை எழுப்புவது யார்? நிரப்புவது யார்? எத்தனை பைகள் வேண்டும் என்று முடிவு செய்வது யார்? இவ்வினாக்களுக்கெல்லாம் விடையாக அமைவது பெராக்சின்கள் என்னும் புரதத் தொகுதியாகும். இவற்றைப் பெக்ஸ்-1, பெக்ஸ்-2 என எண்ணிட்டு அழைப்பர்.

முதற்படி சவ்வை அமைப்பது. பெக்ஸ்-3, பெக்ஸ்-16, பெக்ஸ்-19 ஆகிய மூன்றும் இப்பணிக்குரியவை. சவ்வில் இடம்பெற வேண்டிய புரதங்களைப் பெக்ஸ்-19 அழைத்து வருகிறது. பெக்ஸ்-3 அதனை வரவேற்று நிறுத்துகிறது. இவற்றுள் ஒன்று பழுதானாலும் மனித உயிரணுவில் பெராக்சிசோம் சவ்வே தோன்றுவதில்லை. பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்லதைச் செலுத்தியபோது, பைகள் இல்லாதிருந்த உயிரணுவில் அவை புதிதாகத் தோன்றியதை ஆய்வுகள் காட்டின.

மூன்றெழுத்து முகவரி

அடுத்த படி பையை நிரப்புவது. உயிரணுவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்கும்போது, பெராக்சிசோமுக்கு உரியவை மட்டும் எவ்வாறு பிரித்தறியப்படுகின்றன? இதற்கு விடை தந்தது மின்மினிப்பூச்சி. அதன் ஒளிக்குக் காரணமான லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவைப் பாலூட்டியின் உயிரணுவில் செலுத்தியபோது, அந்நொதி நேராகப் பெராக்சிசோமுக்குள் சென்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இந்தியாவில் பிறந்த அறிவியலார் சுரேஷ் சுப்பிரமணியும் அவருடன் பணியாற்றியோரும் 1987 முதல் 1989 வரை இதனை ஆராய்ந்தனர். புரதத்தின் வால் முனையில் உள்ள செரின், லைசின், லூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களே முகவரியாக விளங்குகின்றன என்று அவர்கள் நிறுவினர்.

அந்த முகவரியைப் படிப்பது பெக்ஸ்-5. அது சரக்கைத் தாங்கிவந்து, சவ்விலுள்ள பெக்ஸ்-13, பெக்ஸ்-14 ஆகியவற்றின் வாயிலில் நிற்கிறது. சரக்கு உள்ளே செல்கிறது. பின்னர் பெக்ஸ்-1, பெக்ஸ்-6 ஆகிய இரண்டும் ஆற்றலைச் செலவிட்டுப் பெக்ஸ்-5-ஐ வெளியே இழுத்து, மீண்டும் பணிக்கு அனுப்புகின்றன. சுமை இறக்கிய வண்டி திரும்பி வராவிடில் அடுத்த சுமை ஏறாது, அதுபோன்றதே இதுவும்.

தேவைக்கேற்ற எண்ணிக்கை

பெராக்சிசோம்களின் எண்ணிக்கை நிலையானதன்று. பெக்ஸ்-11 என்னும் புரதம் பையை நீளச் செய்து, அது பிரிந்து பெருக உதவுகிறது. சிலவகை ஈஸ்ட்டுகளுக்கு மெத்தனாலை மட்டும் உணவாக அளித்தால், அதனைச் செரிக்கும் பெராக்சிசோம்கள் உயிரணுவின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். பின்னர் குளுக்கோஸ் கொடுத்தால், வேண்டாத பைகளைச் சில மணி நேரத்தில் உயிரணுவே அழித்துவிடும். மெத்தனாலைக் கண்டு விழித்தெழும் இந்த மரபணு விசையைத் தொழில்துறையும் பயன்படுத்திக்கொண்டது. 1997-இல் ஐதராபாத்தில் வெளிவந்த கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி, இவ்வகையைச் சேர்ந்த பிக்கியா ஈஸ்ட்டைக் கொண்டே ஆக்கப்பட்டது. எட்டாத விலையில் இறக்குமதியாகிவந்த ஒரு தடுப்பூசி உள்நாட்டிலேயே கிடைக்க அது வழி செய்தது.

ஒரு புரதம் தவறினால்

இந்த ஒழுங்கில் ஒரு கண்ணி அறுந்தால் விளைவு கொடியது. 1973-இல் கோல்ட்ஃபிஷர் குழுவினர், ஸெல்வெகர் நோயால் இறந்த குழந்தைகளின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பெராக்சிசோம்களைக் காண இயலவில்லை என்று அறிவித்தனர். பிற்காலத்தில், பல நோயாளிகளின் உயிரணுக்களில் வெறும் சவ்வுப் பைகள் மட்டும் நொதிகளின்றி நிற்பது தெரியவந்தது. பையை எழுப்புவதும் நிரப்புவதும் தனித்தனிப் பணிகள் என்பதை இது உணர்த்திற்று. மிகுதியான நோயாளிகளில் பழுதாகியிருப்பது பெக்ஸ்-1 மரபணுவாகும்.

இக்குழந்தைகள் பிறக்கும்போதே தசை தளர்ந்து, பால் குடிக்க வலுவின்றி இருப்பர். வலிப்பும், கல்லீரல் கோளாறும், பார்வை, செவிப்புலன் குறைவும் தோன்றும். கடும் வகையில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். பெக்ஸ்-1 ஓரளவேனும் பணியாற்றும் மிதமான வகையில் நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ்வதுண்டு. மூல காரணத்தை நீக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. துன்பத்தைக் குறைக்கும் மருத்துவமே இயலும்.

இந்நோய்க்குத் தாயின் உணவோ, நடத்தையோ, கிரகணமோ காரணமன்று. தந்தை, தாய் இருவரும் நலமுடன் இருந்தும், ஒரே மரபணுவில் ஆளுக்கொரு பழுதான படியைச் சுமந்திருப்பதே காரணம். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்நோய் தோன்றலாம். நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதற்குழந்தையை இழந்த பெற்றோர், அக்குழந்தையின் இரத்தத்தில் நீண்ட கொழுப்பு அமிலங்களின் அளவும் மரபணுச் சோதனையும் பதிவாகியிருந்தால், அடுத்த கருவின் நிலையை முன்கூட்டியே அறிய முடியும். பதிவாகாமல் போனால், அதே துயரை அறியாமலே மீண்டும் எதிர்கொள்வர்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பயன் சிற்றூரை எட்ட வேண்டுமானால், தளர்ந்து பிறக்கும் குழந்தையை முதலில் காணும் மருத்துவரும் செவிலியரும் இந்நோயை ஐயுற அறிந்திருக்க வேண்டும். ஆமணக்கு முளையில் காணும் அதே ஒழுங்கு தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் உயிரையும் தாங்குகிறது. அதனை அறிந்துகொள்வது, ஒரு தாயின் மீது சுமத்தப்படும் வீண்பழியை நீக்கும் முதற்படியுமாகும்.