டைட்டானும் தேசங்களின் கூட்டும்

சனிக் கிரகத்தின் உபகிரகமாகிய டைட்டானில், பனிக்கட்டியே கூழாங்கல்லாகக் கிடக்கும் தரைமீது, 2005ஆம் வருஷம் ஜனவரி 14ந் தேதி ஹைஜென்ஸ் என்னும் யந்திரம் இறங்கிற்று. அதைச் செய்தது ஐரோப்பா. அதைச் சுமந்து சென்ற காஸினிக் கப்பலைச் செய்தது அமெரிக்கா. கப்பலின் பெரிய ஆண்டெனாவை அளித்தது இத்தாலி. பல தேசங்கள் கூடிச் செய்த காரியம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அந்தக் கூட்டு எவ்வாறு உடையாமல் நின்றது என்பதையே நாம் கவனிக்க விரும்புகிறோம்.

1994இல் அமெரிக்காவில் சிக்கனப் பேச்சு எழுந்தபோது, காஸினி கைவிடப்படும் அபாயம் நேர்ந்தது. ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தின் தலைவர் ழான் மாரி லூட்டன், அமெரிக்க உப ஜனாதிபதி ஆல் கோருக்கு நேரே கடிதம் எழுதினார். அது கெஞ்சும் கடிதமன்று. தன்னிச்சையாக விலகினால், இனி அமெரிக்காவை நம்பத்தக்க கூட்டாளியென்று எவ்விதம் கொள்வது என்பதே அதன் சாரம். காஸினி பிழைத்து, 1997 அக்டோபர் 15ந் தேதி புறப்பட்டது. தன் பங்கைத் தன் செலவில் ஏற்றிருந்தபடியால்தான் ஐரோப்பா அவ்வாறு கேட்க முடிந்தது என்பது நமது அபிப்பிராயம். இரவல் வண்டியில் ஏறினவனுக்கு அந்த வாய் ஏது?

வழியிலேயே மற்றொரு சோதனை வந்தது. ரயில் நெருங்குகையில் ஊதலின் ஸ்வரம் மாறுவதுபோல, ஹைஜென்ஸை நோக்கிக் காஸினி விரையும்போது ரேடியோ அலையும் மாறும். அம்மாறுதலைக் காஸினியிலிருந்த வாங்கும் கருவி சமாளிக்காது என்பதை, 2000இல் ஐரோப்பிய இஞ்சினீயர் போரிஸ் ஸ்மெட்ஸ் கலிபோர்னியாவிலிருந்து நடத்திய பரீட்சை காட்டிற்று. கருவி ஐரோப்பியர் தந்தது, குற்றமும் அவர்களுடையதே. 'உங்கள் பாடு' என்று அமெரிக்கர் கையை விரிக்கவில்லை. இரு சாராரும் கூடி யோசித்துக் கப்பலின் பாதையையே மாற்றினர். டைட்டானுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் அருகில் செல்லவேண்டிய காஸினி, 60,000 கிலோமீட்டர் தூரத்தில் நின்று சேதி கேட்டது. இறங்கும் நாளும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று.

இறங்கிய அன்றும் ஒரு பிழை! இரண்டு ரேடியோ வழிகளில் ஒன்றைத் திறக்கும் உத்தரவு விட்டுப்போயிற்று. நூற்றுக்கணக்கான படங்கள் தொலைந்தன. அவ்வழியை நம்பியிருந்த காற்றுப் பரிசோதனையை மீட்டவை அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலிய ரேடியோ தொலைநோக்கிகள். சுமார் 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த மெல்லிய அலையை அவை நேரே பிடித்தன.

எல்லாக் கூட்டுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. வியாழனின் பனி உபகிரகங்களுக்குச் சேர்ந்து கப்பல்கள் அனுப்பும் யோசனையிலிருந்து, 2011இல் பணமில்லையென்று அமெரிக்கா விலகிற்று. ஐரோப்பியர் சோர்ந்துவிடாமல் தம் பொறுப்பிலேயே ஜூஸ் என்னும் கப்பலைக் கட்டி, 2023 ஏப்ரல் 14ந் தேதி அனுப்பினர். அதன் கருவிகளில் ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும், விலகிய அமெரிக்காவுக்குமே பங்குண்டு. அமெரிக்கரின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14ந் தேதி கிளம்பிற்று. இது 2030இலும், ஜூஸ் 2031இலும் வியாழனை அடையவேண்டும். ஒரே காலத்தில் அங்கிருக்கப்போகும் இரு யந்திரங்களையும் கொண்டு எவற்றைச் சேர்ந்து ஆராயலாம் என்பதற்கு, இரு சாராரின் விஞ்ஞானிகளும் ஏற்கனவே ஒரு கமிட்டியில் கூடி ஆலோசித்திருக்கின்றனர்.