17 ஆண்டு குளித்த கப்பல்

கடலில் மூழ்கிய மரக்கப்பல் மக்கிப் போகாதா என்றுதானே கேட்கிறீர்கள்? சபாஷ்! நல்ல கேள்வி.

பெரும்பாலும் மக்கித்தான் போகும். வாசா என்ற கப்பல் தப்பித்த கதையைச் சொல்கிறேன்.

அது ஸ்வீடன் அரசரின் போர்க்கப்பல். 64 பீரங்கிகள் கொண்டது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதன்முதலாகப் பாய் விரித்தது. கப்பலின் மேற்பகுதியில் கனம் அதிகம். காற்று தள்ளியதும் சாய்ந்தது. பீரங்கிச் சன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பாவம்!

கடலில் கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பிக்குச் சொந்தம். மரத்தைக் குடைந்து தின்னும். பால்டிக் கடலிலோ உப்பு குறைவு. அங்கே அதனால் பிழைக்க முடியாது. வாசா தப்பித்தது இப்படித்தான்.

பட்டம் விட நூலை மேலே விடுவீர்கள் அல்லவா? வாசாவைத் தேடிய ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் படகிலிருந்து கயிற்றைக் கீழே விட்டார். கயிற்றின் நுனியில் கனமான துளைக்கருவி. 1956இல் அது ஒரு கறுத்த ஓக் மரத் துணுக்கைக் கவ்வி வந்தது. வாசாதான்!

சுமார் 32 மீட்டர் ஆழம். முக்குளிப்போர் கும்மிருட்டில் நீரைப் பீய்ச்சிச் சேற்றைக் குடைந்தார்கள். கப்பலுக்கு அடியில் 6 சுரங்கப்பாதைகள்! அவற்றில் இரும்புக் கயிறுகளைக் கோத்துத் தூக்கினார்கள். அவர்களுடைய துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1961 ஏப்ரல் 24 அன்று வாசா வெளிச்சத்தைப் பார்த்தது.

இனி வெயிலில் காயவைத்தால் போதுமா? ஐயோ, கூடாது! மாங்காய் வற்றலைப் பார்த்திருக்கிறீர்களே, எப்படிச் சுருங்கி முறுக்கிக்கொள்கிறது! ஊறிய மரமும் அப்படித்தான். அதன் நுண்ணறைகளைத் தாங்கி நிற்பது உள்ளேயுள்ள தண்ணீர். அது போய்விட்டால் அறைகள் நொறுங்கிவிடும்.

அதனால் தண்ணீரில் கரையும் மெழுகு போன்ற ஒரு பொருளைத் தெளித்தார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்று பெயர். மணி அடித்ததும் ஒரு வகுப்பு வெளியேற, அடுத்த வகுப்பு வந்து அதே பெஞ்சில் உட்காருமே, அதுபோலத் தண்ணீர் விலக விலக மெழுகு வந்து அமர்ந்தது. புரிகிறதா?

1962 முதல் 1979 வரை தெளித்தார்கள். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதுகலை முடிக்கும் காலம்! பிறகு மெல்ல மெல்ல உலரவிட்டார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரே அளவில் 2 மாங்காய்த் துண்டுகளை நறுக்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றை அப்படியே காயவையுங்கள். மற்றதை மெழுகுக்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகில் நாலைந்து நாள் ஊறவைத்துக் காயவையுங்கள். அளந்து பாருங்கள். எது அதிகம் சுருங்கியது?