விரல் தவறலாம், சொல் தவறக் கூடாது

கைபேசித் திரையில் ஒவ்வொரு விசையும் விரல் நுனியைவிடச் சிறியது. ஆனாலும் பெரும்பாலும் நினைத்த எழுத்தே விழுகிறது. 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்து வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பு கண்ணுக்குத் தெரியாமல் விரியும். திரையில் விசையின் அளவு மாறாது. இந்த மறைவு நல்லது. விரல் எந்த விசையை நாடியது என்று ஊகிப்பதோடு அது நின்றுவிடுகிறது. எழுதுகிறவர் அதை அறிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இருப்பது வேறு வகை மறைவு. நீலகிரியில் உள்ள பிக்கட்டி என்ற ஊரின் பெயரை எழுதிப் பாருங்கள்: ப, இ, க, க, ட, ட, இ. ஏழே தட்டல்கள். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். அங்குள்ள மஞ்சூரின் பெயரில் ஞ-வை அடுத்து ச வந்தாலும், குந்தாவின் பெயரில் ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. தமிழில் இரட்டிப்பும் மெல்லினத்தை அடுத்த வல்லினமும் எவ்வளவு மிகுதி என்று உணர்ந்து வகுத்த அருமையான விதி இது. ஆனால் ‘மமதை’ என்று தட்டினால் ‘ம்மதை’ என்று வரும். இரண்டு ம-வுக்கும் நடுவே அ-வைத் தட்டினால் சரியாகும். இந்த வழி எந்த விசையிலும் எழுதியிருப்பதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர் விசைப்பலகையே பழுது என்று கைவிட்டுவிடுவார். விதி மாறாதது என்பதால் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். தெரிந்துகொள்ள வழி வைக்காததுதான் குறை.

சொல்லையே மாற்றும் தானியங்கித் திருத்தம் இதைவிடக் கவலை தருவது. எடுத்துக்காட்டாக, நீலகிரியில் வாழும் படகர்கள் ஊரை ஹட்டி என்பார்கள். ஹெத்தை அவர்கள் வணங்கும் மூதாய்த் தெய்வம். படக மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, தமிழ்ச் சொற்பட்டியலை மட்டும் நம்பும் செயலிக்கு இத்தகைய சொற்கள் பிழையாகவே படும். அது சத்தமில்லாமல் வேறொரு சொல்லை வைத்தால், சிறுபான்மை மொழிதான் முதலில் அடிபடும்.

எல்லாவற்றையும் காட்டினால் சின்னத் திரை நெரிசலாகிவிடாதா என்று கேட்கலாம். எப்போதும் காட்டச் சொல்லவில்லை. தேயிலையின் பச்சைக் கொழுந்தை எடை போடுகையில் ஈரத்துக்குக் கழிப்பதில் தவறில்லை. கழித்ததைச் சீட்டில் குறிக்கவேண்டும், அவ்வளவுதான். தானாக விழுந்த புள்ளியை ஒருவர் அழிக்கும் அந்தக் கணத்தில் அ விசை ஒளிர்ந்தால் போதும். மாற்றிய சொல்லுக்கு அடிக்கோடிட்டு, ஒரே தட்டலில் பழையதை மீட்கவிட்டால் போதும். விரலின் தடுமாற்றத்தைக் கருவி தானே சரிசெய்யட்டும். எழுதியவரின் சொல்லில் கைவைக்கும்போது அவருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.