ஒரே ஊர், இரு மாநிலங்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் இன்றைய நிலையும் நாளைய வாய்ப்பும்

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளையை ஒட்டி அமைந்துள்ளது பாறசாலை. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், வெள்ளறடை என நெய்யாற்றின்கரையைச் சுற்றியுள்ள எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் ஒலிப்பது வியப்புக்குரியதல்ல. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லையைக் கடந்தே நடக்கின்றன. காய்கறிக்கும் மீனுக்கும் களியக்காவிளை, பனச்சமூடு சந்தைகளே ஆதாரம்.

ஆனால் குடும்ப அட்டை, பாசன நீர், பள்ளிப் பாடமொழி, நிவாரணத் தொகை ஆகிய அனைத்தும் ஒருவர் கோட்டின் எந்தப் பக்கத்தில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. இக்கிராமங்களின் எதிர்காலமும் அங்கேயே சிக்கியுள்ளது.

எல்லை உருவான கதை

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்கக் கோரி, மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துடன் இணைந்தன. இணைப்புக் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. அதுவரை ஒரே அரசின் கீழ் அடுத்தடுத்த வட்டங்களாக இருந்த விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் அன்று முதல் இரு மாநிலங்களாயின.

வறண்ட கால்வாய்

பிரிவினையின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது நெய்யாறு. அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் இந்த ஆறு சுமார் 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் அரபிக்கடலில் கலக்கிறது. 1958-இல் கட்டப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், எல்லையைக் கடந்து விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்கி வந்தது. 2004-இல் கேரளம் இந்நீரை நிறுத்தியது. நெய்யாறு முழுவதும் தன் எல்லைக்குள் ஓடும் ஆறு என்பது கேரளத்தின் நிலைப்பாடு. திட்டம் வகுக்கப்பட்டபோதே தனது நிலங்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்ததால் நீரில் உரிமை உண்டு என்பது தமிழகத்தின் வாதம். 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

நீர் வராத வயல் வயலாக நீடிப்பதில்லை. நெல் விளைந்த இடத்தில் வாழையும் மரவள்ளியும் வந்தன. பின்னர் ரப்பர் வந்தது, பல இடங்களில் வீட்டுமனைகளும் வந்தன. இருபது ஆண்டுகள் நீர் வராத கால்வாயை மீண்டும் பயன்படுத்துவதாயின் மதகைத் திறந்தால் மட்டும் போதாது. தூர்வாருதலும் கரை சீரமைப்பும் தேவைப்படும். வழக்கு நீளும் ஒவ்வோர் ஆண்டும் இச்செலவு கூடுகிறது.

மொழியும் பள்ளியும்

கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, அம்மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் விண்ணப்பிக்கலாம். பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும். ஆனால் உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அரசு அறிவித்த இடங்களில் மட்டுமே இந்த உரிமை பொருந்தும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய வேண்டும் என அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது.

சட்டம் இடம் தந்தாலும், பெற்றோரின் கணக்கு வேறாக உள்ளது. கேரளத்தில் அரசுப் பணிக்கு மலையாளம் வேண்டும். தனியார் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் தமிழ் வீட்டுமொழியாகச் சுருங்குகிறது. தமிழைப் பேசவும் கேட்கவும் அறிந்து, எழுதப் படிக்க அறியாத தலைமுறை ஒன்று எல்லையோரத்தில் வளர்ந்து வருகிறது. இரு மொழியும் எழுதத் தெரிந்தவருக்கே இரு மாநிலச் சந்தையும் திறக்கும் என்பதால், இது பண்பாட்டு இழப்பு மட்டுமன்று, வாழ்வாதார இழப்பும் ஆகும்.

தறியும் கடலும்

இப்பகுதியின் தொழில்களும் எல்லைக்கு முந்தையவை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே உள்ள பாலராமபுரத்தில் குழித்தறியில் கைத்தறித் துணி நெய்யும் சாலியர் குடும்பங்கள், சுமார் இரு நூற்றாண்டுகளுக்கு முன் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பாலராமபுரம் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. எனினும் விசைத்தறித் துணி குறைந்த விலைக்குக் கிடைப்பதால், இளைஞர்கள் தறியில் அமரத் தயங்குகின்றனர்.

கடற்கரையில் கேரளத்தின் பொழியூரும் தமிழகத்தின் நீரோடியும் அடுத்தடுத்த மீனவக் கிராமங்கள். கடல் அரிப்பு இரண்டையும் ஒன்றுபோல் தாக்குகிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இரு மாநில மீனவர்களின் உயிரையும் பறித்தது. கேரளம் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு ரூ.20 லட்சம் அறிவித்தது. தமிழகம் முதலில் ரூ.10 லட்சம் அறிவித்து, பின்னர் அதை ரூ.20 லட்சமாக உயர்த்தியது. மீன்பிடித் தடைக்காலமும் வேறுபடுகிறது: கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள்கள், குமரி மேற்குக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் 61 நாள்கள். கடலில் கோடு இல்லை. விசைப்படகின் பதிவெண்ணில் உள்ளது.

வேறுபாடே வணிகமாகும்போது

இரு அரசுகளின் கொள்கைகள் மாறுபடும் இடத்தில் எல்லை வணிகம் முளைக்கிறது. தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் அரசே அதை நடத்துகிறது. எனவே எல்லையைத் தாண்டியவுடன் லாட்டரிக் கடைகள் வரிசையாகக் காணப்படுகின்றன. எதிர்த்திசையில், தமிழகத்தின் விலையில்லா ரேஷன் அரிசி கடத்தப்படுவதும் கேரளக் கழிவுகள் குமரி மாவட்டத்தில் கொட்டப்படுவதும் தொடர் புகார்களாக உள்ளன. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது எல்லை அடைக்கப்பட்டதும், அன்றாட வேலைக்கும் மருத்துவத்துக்கும் கோட்டைக் கடந்து சென்றவர்கள் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

வாய்ப்பு எங்கே?

பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகம், இக்கிராமங்களுக்கு மிக அருகில் உள்ளது. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை தமிழக எல்லை வரை வந்துள்ளது. கிடங்கு, போக்குவரத்து, பழுதுபார்ப்புப் பணிகள் இவ்வழியே பெருகக்கூடும். அவ்வேலைகள் உள்ளூர் இளைஞர்களைச் சேருமா, அல்லது கல் ஏற்றிய லாரிகளின் புழுதி மட்டும் மிஞ்சுமா என்பது தொழிற்பயிற்சியையும் இரு மாநிலத் திட்டமிடலையும் பொறுத்தது.

அதற்கான அமைப்பு புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. எல்லையை வகுத்த அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லைப் பிரச்சினை, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்து ஆகியவற்றை விவாதிக்க மண்டலக் குழுக்களையும் ஏற்படுத்தியது. தமிழகமும் கேரளமும் தென்மண்டலக் குழுவின் உறுப்பினர்கள். தண்ணீரிலும் முன்மாதிரி உண்டு: 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம், சச்சரவுகளுக்கு நடுவிலும் இரு மாநில வயல்களுக்கு நீர் தருகிறது.

ஒத்துழைப்பு இயலும் என்பதற்கு இன்னொரு சான்று ஆண்டுதோறும் எல்லையிலேயே காணக் கிடைக்கிறது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சுவாமி விக்கிரகங்களுக்குக் களியக்காவிளையில் இரு மாநில அதிகாரிகளும் காவல்துறையினரும் இணைந்து மரியாதை செலுத்துகின்றனர். அதே ஒழுங்கு கால்வாய்க்கும் கடல் அரிப்புத் தடுப்புக்கும் வகுப்பறைக்கும் நீளுமானால், எல்லையோர மக்களின் அன்றாட வாழ்வு எளிதாகும்.